முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி

அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றி ஊரில் முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். கெட்ட எண்ணத்தில் திறக்கவில்லை. அடிபம்புக்குப் போனால் வாளி நிறைகிறவரை எதையாவது பேசியாக வேண்டும், அன்றைக்கு என் கையில் இருந்த பேச்சு அது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் உலையும் என் பொறுப்பு, வாயும் என்னுடையது. இரண்டில் ஒன்றையாவது நேரத்துக்கு மூடியிருக்கலாம்.

முலோம்பே தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள் நான். அம்மாக்கள் முறைவைத்துக் காய்ச்ச வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் விடிந்ததும் தேயிலை கிள்ளப் போய்விடுவார்கள், அதனால் என் முறை மட்டும் முடிவதே இல்லை. என் புருஷன் ஜோகன்னஸ்பர்க் போய் நான்கு வருடம். எனக்கும் மகள் எலூபிக்கும் பானை அடியில் ஒட்டியதுதான் பாதி நாள் சாப்பாடு.

சமையல் கொட்டகைக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு மாமரம் மட்டும். வகுப்புச் சுவரில் ஜன்னலுக்கென்று விட்ட ஓட்டைகளுக்குக் கதவு வந்து சேரவே இல்லை. ஆகவே துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே எனலெஸ் டீச்சர் பாடம் நடத்துவதை மூன்று வருடமாகப் பார்க்கிறேன். எனக்கே கழித்தல் கணக்கு வந்துவிட்டது.

ஒரே அறையில் நூற்று முப்பத்து நான்கு பிள்ளைகள். அவளுக்கு முன்னால் இருந்த வாத்தியார் ஒரு வரியைச் சொல்வார், பிள்ளைகள் கூரை அதிரத் திருப்பிச் சொல்லும், அந்தச் சத்தத்திலேயே அவர் கண்ணயர்ந்துவிடுவார். எனலெஸ் வடக்கே ஏரிப் பக்கத்துக்காரி. வந்த வாரமே பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஆளுக்குப் பத்து பாட்டில் மூடி கொண்டுவரச் சொன்னாள். கூட்டலும் கழித்தலும் தரையில் மூடி வைத்துத்தான். சத்தம் மிஞ்சினால் கத்த மாட்டாள். இரண்டு தட்டு, ஒரு தட்டு, மறுபடி இரண்டு தட்டு என்று கைதட்டுவாள். கேட்ட பிள்ளைகள் அதையே திருப்பித் தட்டும், அந்தத் தட்டோடு அறை அடங்கிவிடும். திங்கட்கிழமை வந்தால் கடைசி வரிசை முன்னால் வரும், முன்வரிசை பின்னால் போகும்.

கேள்வி கேட்டுவிட்டு அவள் நிற்கிற நிற்பு எனக்குப் பிடிக்கும். பதிலை உடனே வாங்கமாட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள். பத்தும் மடங்கிய பிறகுதான் ஒரு பெயரைச் சொல்லுவாள். முந்திரிக்கொட்டைகள் கையைத் தூக்கிக்கொண்டு தவிக்கும். மந்தமான பிள்ளைக்கு யோசிக்க அந்தப் பத்து விரல் நேரம்.

என் எலூபி முதல் வகுப்பு முழுக்க வாயே திறக்காதவள். எனக்குப் பிறந்தவளா என்று ஊரே கேலி பேசியது. எனலெஸ் அவளை எழுப்பி நிறுத்தி அதட்டவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் காதில் பதிலைச் சொல், அவள் உனக்காக எழுந்து சொல்லட்டும் என்றாள். "எலூபி சொல்றா, ஏழு" என்று பக்கத்துப் பெண் எழுந்து சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றரை மாதம் எலூபி இரவல் வாயில் பேசினாள். பிறகு ஒருநாள் அவளே எழுந்து, கால் நடுங்க, "பன்னிரண்டு" என்றாள். தவறான பதில்தான். அன்றைக்குக் கஞ்சி தீய்ந்துபோனது, நான் கவனிக்கவில்லை.

புள்ளி அதற்குப் பிறகு வந்தது. இத்தனை பேரில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று நினைவு வைக்க முடியவில்லை, கேட்ட இருபது பேரையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று அவள் என்னிடம் குறைப்பட்டாள். அதனால் பேசிய பிள்ளையின் உள்ளங்கையில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தாள். புள்ளி இல்லாத கைகளைத் தேடிப்பிடித்துக் கேட்பாள். கூச்சப்பட்ட பிள்ளைகள் பேசினவன் உள்ளங்கையோடு தங்கள் கையை ஒட்டி ஈரப்புள்ளியைத் திருடிக்கொண்டன. மிச்சம் இருந்ததும் கஞ்சிக்குக் கை கழுவும்போது போயிற்று. அவள் யோசித்து, தண்ணீர் படாத இடமாக, ஒட்டியெடுக்கவும் முடியாத இடமாக, முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் வைக்கத் தொடங்கினாள். பள்ளி விடும்போது புள்ளி இல்லாதவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள், மறுநாள் முதலில் அவர்களைக் கேட்க. அந்தப் பள்ளிப் பருவத்துக்கு வந்த பேனாப் பெட்டியில் அத்தனையும் சிவப்பு. நீலம் வந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

நவம்பரில் முதல் மழை இறங்கியது. முலாஞ்சே மலை பாதி நாள் மேகத்துக்குள் இருந்தது. வீடுகளில் சோளம் தீர்ந்து, பிள்ளைகள் மாம்பழத்தால் வயிற்றை நிரப்புகிற மாதம் அது. கொசுவும் காய்ச்சலும் கூடவே வரும். அந்த வருடம் இன்னொன்றும் வந்தது. மலைக்கு அந்தப்பக்கம் அனமபோபா நடமாடுகிறார்கள் என்றார்கள். ரத்தம் உறிஞ்சுகிறவர்கள். பூட்டிய வீட்டுக்குள் வருவார்களாம், எதையோ தெளித்து மயக்குவார்களாம், ரத்தத்தை எடுத்துக்கொண்டு போவார்களாம். எடுத்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புத் தடம் இருக்குமாம். நான் நம்பினேனா என்று கேட்டால், பகலில் நம்பவில்லை. பொழுது சாய்ந்ததும் நம்பினேன்.

பக்கத்து ஊரில் வெளியூர்க்காரர் ஒருவருடைய காரைக் கொளுத்தினார்கள். சாக்குமூட்டையோடு நடந்து வந்த ஒருவனைக் கல்லால் அடித்தார்கள், அவன் பிழைத்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் சாலையில் மரத்தைப் போட்டு மறித்து, இளவட்டங்கள் கத்தியோடு நின்றார்கள். அவர்களுக்குத் தலைவன் பிஸ்விக். செங்கல் அறுக்கிறவன், நல்ல உழைப்பாளி, பயம் வந்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். பெற்றவர்கள் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். நூற்று முப்பத்து நான்கு தொண்ணூறாயிற்று, பிறகு ஐம்பத்தொன்று. மாவு மிஞ்சியது. நானும் எலூபியும் இரண்டு கிண்ணம் குடித்தோம், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் பம்படியில் பிஸ்விக்கின் அக்கா ஃபாலெசி என்னிடம் கேட்டாள், டீச்சர் பிள்ளைகளின் கையைப் பிடித்து என்னவோ செய்கிறாளாமே என்று. எனக்குத் தெரிந்ததைப் பிறர் கேட்டால் எனக்கு வருகிற பெருமை இருக்கிறதே.

"பிடிக்கிறதென்ன, புள்ளியே வைக்கிறாங்க. சிவப்புப் புள்ளி. தோ, இந்த மடிப்புல. பேரையும் ஒரு நோட்டுல எழுதிக்கிறாங்க" என்றேன்.

பம்பு அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். நான் காரணத்தையும் சொல்லத்தான் தொடங்கினேன். அதற்குள் ஃபாலெசி பாதி வாளியோடு கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஃபாலெசியின் மகள் சோஃபிலெத் படுத்தாள். உடம்பு கொதித்தது, உதடு வெளுத்தது, எழுந்து நிற்க முடியவில்லை. அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். மடிப்பில் மங்கலாக ஒரு சிவப்பு இருந்தது.

செய்தி எனக்கு மத்தியானம் வந்தது. நான் செய்த முதல் காரியத்தை ஒளிக்கப் போவதில்லை. எலூபியைக் கூப்பிட்டு, அவள் கையை வெளிச்சத்தில் பிடித்து, புள்ளி இருந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தேன். ரத்தம் ஓடுகிறதா என்று. அவள் வலித்து அழுதாள். மூன்று வருடம் கண்ணால் பார்த்தவளுக்கே அந்த ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது என்றால், பார்க்காதவர்களை என்ன சொல்ல?

நான்கு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன், யார் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஹெட்மாஸ்டருக்கு அன்றைக்கென்று பார்த்து மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் வந்திருந்தது, போகும்போது "நீயும் எங்கேயாவது போய்விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். எனலெஸின் புருஷன் லாஸ்டன் எங்கள் ஊர்க்காரன், சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவன். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எனலெஸ் உள்ளே தன் மகள் விசியின் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விசியும் அதே வகுப்புதான், அவளுக்கும் புள்ளி உண்டு. தேய்த்த தேய்ப்பில் புள்ளி போய்விட்டது. அந்த இடமே சிவந்து வீங்கியிருந்தது.

"போதும் டீச்சர். முன்ன இருந்ததவிட இப்பத்தான் பார்க்க பயமா இருக்கு" என்றேன்.

அவள் சோப்பைக் கீழே வைத்தாள். அவள் கை நின்றபாடில்லை, தன் துணியையே தேய்த்துக்கொண்டிருந்தது.

"இப்பவே கிளம்பணும்" என்றான் லாஸ்டன். "தேயிலைக்குள்ள ஒத்தையடிப் பாதை இருக்கு. அவ பின்னாடி, விசி முன்னாடி. பெரிய ரோட்டுக்குப் போயிட்டா லாரி கிடைக்கும்."

"தேயிலைக்குள்ளயும் ஆளு நிக்கிறாங்க. காலையில வேலைக்குப் போனவங்களோட முழங்கையைப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டாங்களாம்."

"நிக்கிறவன் எல்லாம் என்கூடப் பந்து விளையாடினவன் அக்கா. என்னை விட மாட்டானா?"

"உன்னை விடுவான். உன் பின்னாடி இருக்கிறவள விடுவானா? ஓடினா, பார்த்தியா ஓடுறான்னுதான் சொல்லுவான்."

அவன் சங்கிலியைச் சுற்றினான். சக்கரம் சும்மா சுழன்றது.

"பேனாவை அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் எனலெஸ். "ஒண்ணு மட்டும் பையில இருக்கு. நோட்டையும் கொளுத்தலாம்னு எடுத்தேன். கொளுத்த மனசு வரலக்கா. யாரு பேசலன்னு அதுலதான் இருக்கு."

"அந்த நோட்டைத்தான் அவங்க கேட்பாங்க."

"கேட்டா குடுத்துடுறேன்."

"கேட்டா பதில் சொல்லணும் டீச்சர். தெளிவா சொல்லணும். சோஃபிலெத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லணும். அது மலேரியா, எனக்கே தெரியுது. ஆஸ்பத்திரியிலதான் ரத்தம் எடுக்கிறாங்கன்னு ஃபாலெசி மாட்டேங்கிறா."

"எப்படிச் சொல்லணும்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் வார்த்தையிலயே நிக்குது" என்றாள்.

யார் ஊருக்குச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்பாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். லாஸ்டன் பூசணிக்கீரையும் களியும் எடுத்துவைத்தான், மரியாதைக்கு ஒரு வாய் அள்ளினேன், இறங்கவில்லை. போதாததற்கு எனக்கு இரண்டு நாளாகவே இடுப்பும் கணுக்காலும் கடுத்துக்கொண்டிருந்தன. பயத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் கஞ்சி கொதி வருகிற நேரத்துக்கு வந்தார்கள். ஒரு எழுபது எண்பது பேர் இருக்கும். சத்தம் போட்டுக்கொண்டு வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பேசாமல் வந்தார்கள். ஃபாலெசி சோஃபிலெத்தை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள், பிள்ளையின் தலை அவள் தோளில் தொங்கியது. அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்த இருபது பிள்ளைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. எனலெஸ் கை தட்டவில்லை, அவர்களை அடக்க வேண்டியும் இருக்கவில்லை.

ஊர்த்தலைவி நம்வேரா அம்மா முன்னதாகவே வந்து மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கண்டிப்பானவள், பயந்தவளும்கூட. இந்தக் கூட்டத்தைத் தடுக்க முடியாது என்று தெரிந்து, நடக்கிறது தன் கண்முன் நடக்கட்டும் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சரை எதிரில் தரையில் உட்காரச் சொன்னாள். லாஸ்டனை இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள், இருவரும் அவனோடு பந்து விளையாடினவர்கள்தான். பெண்கள் ஒதுங்கி நின்ற பக்கம் நான் நின்றேன், கையில் துடுப்போடு.

"பிள்ளைங்க கையில என்ன வைக்கிற?" என்று கேட்டான் பிஸ்விக்.

எனலெஸ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள்.

"கேட்கிறாங்கல்ல, சொல்லும்மா" என்றாள் தலைவி.

டீச்சர் உதடு அசைந்தது. கூட்டத்தில் ஒருவன், பார், உண்மையாக இருந்தால் வாய் வந்திருக்காதா என்றான். பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். ஒருவன் கையில் கல்லை மாற்றிப் பிடித்தான். அது என் அடுப்புக்கல், பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு மூட்டாத இன்னொரு அடுப்பிலிருந்து எடுத்தது, கரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காலில் ஈரம் படுவதுபோல் இருந்தது. என்னை அறியாமல் கொஞ்சம் சிறுநீர் போயிருந்தது.

எலூபி எப்படி நின்றாளோ அப்படியே இருந்தாள் டீச்சர். எழுந்து நின்ற பிள்ளை, பதில் தெரிந்த பிள்ளை, வாய் மட்டும் வராத பிள்ளை.

எப்படிப் போனேன் என்று தெரியாது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"தலைவியம்மா, அவங்களுக்கு பயத்துல வாய் வரல. இந்த வகுப்புல வாய் வராத பிள்ளை பக்கத்துல இருக்கிறவ காதுல சொல்லும், அவ எழுந்து சொல்லுவா. என் மகளும் அப்படித்தான் பேசினா. இவங்க என் காதுல சொல்லட்டும், நான் சொல்றேன்."

காதில் ரகசியம் பேசுவதா, இன்னும் எத்தனை பேரை மயக்கப்போகிறாள் என்று பெண்கள் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. தலைவி என் பக்கம் குனிந்தாள்.

"உனக்கும் சேர்த்துத்தான் வரும், தெரியுதா?" என்றாள்.

"தெரியுது" என்றேன்.

என் காதை டீச்சர் வாய்க்குக் கொடுத்தேன். சூடாக மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "விசியைப் பார்த்துக்கோங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

நான் நிமிர்ந்தேன். "டீச்சர் சொல்றாங்க, நூத்தி முப்பத்தி நாலு பிள்ளைங்கள்ல யாரு பேசினா யாரு பேசலன்னு ஞாபகம் இருக்கிறதில்ல. பேசின பிள்ளைக்குப் புள்ளி. புள்ளி இல்லாத பிள்ளையைத் தேடிக் கேட்கிறாங்க."

"அதை ஏன் ஊசி குத்துற இடத்துல வைக்கணும்?" என்றான் பிஸ்விக்.

மறுபடி காதைக் கொடுத்தேன். இந்த முறை பதிலே வந்தது. "டீச்சர் சொல்றாங்க, முதல்ல உள்ளங்கையிலதான் வச்சாங்க. கஞ்சிக்குக் கை கழுவினா அழிஞ்சிடுது. உங்க பிள்ளைங்க ஒருத்தர் புள்ளியை ஒருத்தர் ஒட்டியெடுத்து ஏமாத்துறாங்க."

கூட்டத்தில் ஒருத்தி, தன்னையறியாமல், என் மகன் செய்வான் என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நோட்டுல பேரு எதுக்கு?"

நான் காதைத் திருப்புவதற்குள், "பேசாத பிள்ளைங்க பேரு அது" என்று ஒரு குரல் வந்தது. கரகரப்பாக, தொண்டையில் மண் விழுந்தமாதிரி. எனலெஸ்தான். "மறுநாள் முதல்ல கேட்க. சோஃபிலெத் பேரு அதுல நாலு நாளா இருக்கு. அவ கையில இருக்கிறது அதுக்கு முன்னாடி வச்ச பழைய புள்ளி. அவ காய்ச்சலுக்கு முன்னாடியே சோர்ந்துட்டா. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

ஃபாலெசி அழத் தொடங்கினாள். பிஸ்விக் மட்டும் இறங்கவில்லை. பேச்செல்லாம் நன்றாக இருக்கிறது, புள்ளி வைத்த பிள்ளை படுத்துவிட்டதே, அதற்கு என்ன என்றான். அவன் கண்ணும் நனைந்திருந்தது. அந்தப் பிள்ளையை அவன்தான் தூக்கி வளர்த்தவன்.

நான் என் கையை நீட்டினேன். இதை முன்னாடியே யோசித்து வைத்திருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோசித்திருந்தால் நீட்டியிருக்க மாட்டேன்.

"எனக்கு வைக்கட்டும். அதே பேனா, அதே இடம், எல்லார் கண்ணெதிர்ல. நாளைக்குக் கஞ்சி நேரத்துக்கு வாங்க. நான் படுத்துட்டா உங்க இஷ்டம். அதுவரைக்கும் யாரும் யாரையும் தொடக்கூடாது. சோஃபிலெத்தை இப்பவே லாஸ்டன் சைக்கிள்ல ஏத்தி அனுப்பணும், ஃபாலெசியும் கூடப் போகணும்."

தலைவிக்கு மூச்சு வந்தது. அவளுக்கு வேண்டியது ஒரு இரவு அவகாசம், அதை நான் கையில் கொடுத்துவிட்டேன். அப்படியே ஆகட்டும் என்றாள். எனலெஸ் பையிலிருந்த கடைசிப் பேனாவை எடுத்தாள். அவள் கை ஆடிய ஆட்டத்தில் புள்ளி கோடாகிவிட்டது.

"நாளைக்கு நீ எழுந்திருக்கலன்னா டீச்சர் வீடு இருக்காது" என்று பிஸ்விக் என்னிடம் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோல் சொன்னான். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற டீச்சர் வீட்டு வாசலில் நாலு பேரை உட்காரவைத்துவிட்டுப் போனான். லாஸ்டன் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஏறுவதை நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன்.

சாயங்காலம் எனக்குக் குளிர் வந்தது.

மூன்று நாளாக இடுப்பும் கணுக்காலும் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. பல் கிட்டித்தது. எலூபி வீட்டில் இருந்த துணியையெல்லாம் என்மேல் போட்டாள். வருடா வருடம் வருகிற காய்ச்சல், மழை தொடங்கினால் எனக்குத் தப்பாது. வேறு எந்த வருடமாவது என்றால் இரண்டு நாள் சுருண்டு கிடந்து எழுந்துவிடுவேன். எலூபிக்கு என் கையின் சிவப்புக் கோட்டையும் பார்க்கத் தெரியும், என் முகத்தையும் பார்க்கத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்றேன். மருந்துக்குப் போனாலும் ஊர் பார்க்கும், போகவில்லை. கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் அதிகம் சுடுவதுபோல் இருந்தது. கடவுளே, நிஜமாகவே இருக்குமோ என்றும் ஒருதரம் நினைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் நினைத்தேன்.

விடிவதற்குள் எழுந்துவிட்டேன். சுவரைப் பிடித்து நடந்தேன், பள்ளிக்கூடம் தெரிந்ததும் சுவரை விட்டேன். காணாமல்போன அடுப்புக்கல்லுக்குப் பதில் செங்கல் வைத்து, பானையை ஏற்றி, வழக்கத்துக்கு இரண்டு பங்கு விறகை வைத்தேன். நெருப்புக்குப் பக்கத்தில் நின்றால் நடுக்கம் தெரியாது. வியர்த்தாலும் அடுப்படி வியர்வைதான்.

அவர்கள் வந்தார்கள். நேற்றைவிடக் கூட்டம் குறைவு. தலைவி முன்னால், பிஸ்விக் பக்கத்தில். கையைக் காட்டச் சொன்னான், காட்டினேன். கோடு மங்கியிருந்தது.

"தூக்கமெல்லாம் வந்துதா?" என்றான்.

"உன் ஆளுங்க இருமுற சத்தத்துல எவ தூங்குவா? நாலு பேருக்கும் கஞ்சி இருக்கு, வந்து குடிக்கச் சொல்லு" என்றேன். என் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து கேட்டது.

"பானையைத் தூக்கு பார்ப்போம்."

ஐம்பது பிள்ளைக்குக் காய்ச்சிய பானை. தினமும் நான் தூக்குவதுதான். துணியைப் பானையின் காதில் சுற்றிப் பிடித்தேன். தூக்கினேன். மாமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நேராக வந்தது. பிள்ளைகள் உட்காரும் இடம்வரை ஆறு எட்டு. ஒவ்வொன்றையும் எண்ணினேன். இறக்கி வைத்துவிட்டுத் துடுப்பை ஊன்றி நின்றேன், அது இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்.

பிஸ்விக் என்னைப் பார்த்தான், பானையைப் பார்த்தான். அந்நேரம் லாஸ்டனின் சைக்கிள் வந்தது. ஊசி போட்டிருக்கிறார்கள், குளுக்கோஸ் ஏறுகிறது, விடியும் முன் சோஃபிலெத் கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்றான். ஃபாலெசி தன் வளையலை அடையாளத்துக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள். பிஸ்விக் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டான். தலைவி எல்லாரையும் போகச் சொன்னாள். போனார்கள். யாரும் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாளைக்கு இன்னொரு சந்தேகம் வந்தால் இதே வழியில்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

எனலெஸ் வகுப்பிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். ஏதோ உதவிபோலத் துடுப்பின் மேல் கை வைத்தாள். என் கையைத் தொட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து என் காதில், "காய்ச்சலா?" என்றாள்.

நான் அவள் காதில் சொன்னேன். "நேத்துலேர்ந்து. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க." பிறகு, வாய் அங்கேயே இருந்ததனால், அடக்க முடியாமல் அதையும் சொன்னேன். "பம்புல சொன்னது நான்தான் டீச்சர்."

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்காமல் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. நான் பின்பக்கமாகத்தான் இருந்தேன், விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. பிள்ளைகள் கிண்ணத்தோடு காத்திருந்தன. ஐந்தாவது விரலில் வெகுநேரம் நின்றாள். எனக்கு நேற்றுக் கல்லைப் பார்த்தபோது வந்த பயம்கூட இவ்வளவு இல்லை. எட்டு, ஒன்பது. பத்தும் மடங்கியது.

"எலூபி அம்மா, நீங்க உட்காருங்க" என்றாள். "நான் ஊத்துறேன்."

துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.